மலாயாப் பல்கலைக்கழகத்தின் தமிழ் நூலகம்: நிதி திரட்டியது முதல் நூற்பட்டியல் வரை

1901-இல் திறக்கப்பட்ட போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகத்துக்குப் போர்ட் கிள்ளான் என்ற பெயர் வந்தது 1972-இல்தான். சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் வந்த கப்பல்கள் தோட்டங்களுக்கு வேண்டிய ஆட்களை இங்கேயும் பினாங்கிலும் இறக்கின. 1926-இல் கட்டப்பட்ட ‘ரஜூலா’ அவற்றுள் பேர்பெற்றது. அதற்கு முன்பே தமிழகத்தில் உ.வே.சாமிநாதையரின் பதிப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக அச்சேறிவிட்டன: 1887-இல் சீவக சிந்தாமணி, 1892-இல் சிலப்பதிகாரம், 1894-இல் புறநானூறு. ஆனால் மலாயாவின் தோட்டப் பள்ளிகள் தொடக்கக் கல்வியோடு நின்றன. சங்க நூலைப் பாடமாகப் படிக்க இந்நாட்டில் ஒரு கல்விக்கூடம் அமைய இருபதாம் நூற்றாண்டின் பாதி கழிய வேண்டியிருந்தது.

1950-களில் மலாயாப் பல்கலைக்கழகம் இந்தியவியல் துறையைத் தொடங்க முனைந்தபோது, அங்கே தமிழுக்கு முதலிடமா, சமஸ்கிருதத்துக்கா என்ற வழக்கு மூண்டது. ‘தமிழ் முரசு’ ஆசிரியர் கோ.சாரங்கபாணி இதை அறிஞர்களின் வாதமாக மட்டும் விட்டுவைக்கவில்லை. ‘தமிழ் எங்கள் உயிர்’ என்ற பெயரில் நிதி திரட்டும் இயக்கத்தை நடத்தி, பல்கலைக்கழகத்துக்குத் தமிழ் நூல்கள் வாங்கச் சாதாரண மக்களிடமே கை நீட்டினார். தங்கள் பிள்ளைகளில் எத்தனை பேர் அந்தப் படியேறுவார்கள் என்று தெரியாத மக்கள் கொடுத்தார்கள். இந்த நூலகத்தின் வரலாற்றில் எனக்கு முதன்மையாகத் தோன்றுவது இதுதான். 1956-இல் சிங்கப்பூர் வளாகத்தில் தொடங்கிய துறை, 1959-இல் கோலாலம்பூருக்கு இடம்பெயர்ந்தது.

நூல் வாங்கி அடுக்குவது ஒரு வேலை. எந்த நூல் எங்கே இருக்கிறது என்று ஆய்வாளருக்குச் சொல்வது வேறு வேலை. அந்த இரண்டாவது வேலையை இங்கே நிலைநிறுத்தியவர் தனிநாயகம் அடிகள். 1952 முதல் ‘தமிழ் கல்ச்சர்’ இதழை நடத்தி வந்த அவர், 1960-களில் துறைத் தலைவராக இருந்தபோது உலக நூலகங்களோடு தமக்கிருந்த தொடர்பையும் கூடவே கொண்டுவந்தார். தமிழியல் நூல்களுக்கு அவர் தொகுத்த ஆங்கில வழிகாட்டிப் பட்டியலை மலாயாப் பல்கலைக்கழக அச்சகம் 1966-இல் வெளியிட்டது. அஞ்சல் ஒன்றே வழியாக இருந்த நாளில், எந்த நூலைக் கேட்டு எழுதுவது என்று மாணவருக்குக் காட்டிய பட்டியல் அது.

அதே ஆண்டில் வந்த இன்னொரு வெளியீட்டைச் சற்று நின்று பார்க்க வேண்டும். அந்தாம் தெ புரோவென்சா என்ற போர்த்துகீசிய பாதிரியாரின் தமிழ்-போர்த்துகீசிய அகராதி, 1679-இல் கேரளத்து அம்பலக்காட்டில் அச்சானது. அதன் படி ஒன்று வத்திக்கான் நூலகத்தில் இருந்தது. அடிகளார் அதை அச்சுமாறாப் பதிப்பாக்கி, கோலாலம்பூர்த் துறையின் பெயரிலேயே கொண்டுவந்தார். ரோமாபுரிக்குப் போனால்தான் காண முடியும் என்றிருந்த பதினேழாம் நூற்றாண்டுத் தமிழ்ச் சொற்களை இங்கிருந்தபடியே புரட்டலாம் என்றாயிற்று. அரிய நூலைப் பூட்டிவைத்துப் பெருமை பேசும் நூலகங்கள் இதைக் கவனிப்பது நல்லது.

1966 ஏப்ரலில் முதல் உலகத் தமிழ் மாநாடு இதே பல்கலைக்கழகத்தில் கூடியது. அதை அரசியல் விழாவாக நினைவுகூர்பவர்களே மிகுதி. ஆய்வுக் கட்டுரைகள் இரு தொகுதிகளாக அச்சாகிப் பிற நாட்டு நூலகங்களுக்குப் போனதைப் பெரும்பயன் என்பேன்.

இன்று போர்ட் கிள்ளானில் கொமியூட்டர் ஏறி, அப்துல்லா ஹுக்குமில் எல்.ஆர்.டி. மாறினால் ‘யுனிவர்சிட்டி’ நிலையம் வந்துவிடும். நூலைத் தேடுவதில்தான் இடறல். உலக நூலகங்கள் பலவும் தமிழ்த் தலைப்புகளை ரோமன் எழுத்தில் பதியும்போது சகரத்துக்கு ‘சி’ எழுத்தை இடுகின்றன. மலேசியத் தமிழர் பழகியதோ ‘எஸ்’. சிலப்பதிகாரத்தை நாம் பெயர்களை எழுதும் முறையில் தட்டினால், அலமாரியில் இருக்கும் நூலும் பட்டியலில் அகப்படாமல் போகலாம். தமிழ் எழுத்திலேயே தேடும் வசதி பழைய பதிவுகளுக்கும் சேர்ந்தால்தான் இது தீரும். அதற்குப் பதிவுகளை ஒவ்வொன்றாகத் திறந்து, தமிழ் படித்த ஒருவர் திருத்தியாக வேண்டும்.