மூச்சுக்கு ஓர் எண்

மாத்தளையிலிருந்து இறத்தோட்டை வழியாக நக்கிள்ஸ் மலைத்தொடருக்குள் ஏறும் பாதையில் ரிவர்ஸ்டன் இருக்கிறது. அங்கே வீசும் குளிர்காற்றும் மூடுபனியும், தொய்வு என்றும் முட்டு என்றும் நம்மவர்கள் குறிப்பிடும் ஆஸ்துமா உடையவர்களுக்குப் பெருஞ்சோதனை. ஆனால் அம்மலைப்புறத்தில் மூச்சிரைப்போர் எல்லோருக்கும் ஆஸ்துமாதானா? விறகடுப்பின் புகையா? பீடியா? வெளியே கேட்கும் இரைப்பு ஒன்றுபோல இருக்கலாம், மருந்து ஒன்றல்ல.

இவ்வையத்தைத் தீர்க்க மருத்துவ உலகம் கண்ட வழிகளுள் ஒன்றின் வரலாறு சுவையானது. வாகனப் புகையில் கலந்துவரும் நச்சுவாயுவாக அறியப்பட்டிருந்த நைத்திரிக் ஒட்சைட்டு, மனிதன் வெளிவிடும் மூச்சிலும் உண்டென்பதை 1991இல் சுவீடனின் கரோலின்ஸ்கா நிறுவன ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். ஆஸ்துமா நோயாளரின் மூச்சில் அது மிகுந்திருப்பதை 1993இல் அங்குள்ளவர்களே எடுத்துக்காட்டினர். ஒவ்வாமை சார்ந்த அழற்சி ஏற்படும்போது சுவாசக்குழாயின் உட்சுவர்க் கலங்கள் இவ்வாயுவைக் கூடுதலாகச் சுரக்கின்றன. உள்ளிழுக்கும் ஸ்டீரொயிட் மருந்து அதனைத் தணிக்கிறது. இதனை அளக்கும் கருவிக்கு 2003இல் அமெரிக்கா அனுமதி வழங்கியது. நோயாளி நொடிக்கு 50 மில்லிலீற்றர் வேகத்தில் சீராக ஊதவேண்டும்.

கருவி ஓர் எண்ணைத் தரும். அதன் பொருள் என்ன என்பதில்தான் சிக்கல் தொடங்கியது.

வளர்ந்தோருக்கு நூறு கோடியில் 25 பங்குக்குக் கீழ் என்றால் குறைவு, 50க்கு மேல் என்றால் மிகுதி, இடைப்பட்டதை நிதானித்து நோக்குக என 2011இல் அமெரிக்க மார்பு நோய்ச் சங்கம் வகுத்தது. பிரித்தானியாவின் நைஸ் நிறுவனம் 2017இல் 40ஐ எல்லையாகக் கொண்டது. 2024இல் ஏனைய இரு அமைப்புகளுடன் இணைந்து வெளியிட்ட வழிகாட்டியில் அது 50 ஆயிற்று. ஆக, 45 என்ற அளவு 2017இல் ஆஸ்துமாவுக்குச் சான்று. 2024இல் அது மட்டும் போதாது. மூச்சு மாறவில்லை, கோடு மாறியது.

மருத்துவருக்கு உதவும் மென்பொருள்கள் இங்கேதான் தேவைப்படுகின்றன. எண்ணுக்குச் சிவப்பு, பச்சை என நிறம் பூசுவதோடு நின்றுவிடும் மென்பொருளால் பயனைவிட ஆபத்தே அதிகம். புகைபிடிப்பவரின் அளவு தாழும். அழற்சி இருந்தும் பச்சை விளக்கெரிய, வேண்டிய மருந்து கிடைக்காமற் போகலாம். நைத்திரேற்று மிகுந்த கீரையை உண்டுவந்தவருக்கும், ஒவ்வாமையால் மூக்கொழுகுபவருக்கும் அளவு உயரும். வேண்டாத மருந்து சேரலாம். எனவே நல்ல மென்பொருள் முதலில் வினவவேண்டும்: வயதென்ன, புகைப்பாரா, ஸ்டீரொயிட் எடுக்கிறாரா, சென்றமுறை அளவென்ன? 50க்கு மேலிருந்த அளவு நூற்றுக்கு 20ஆவது குறைந்தால்தான் மருந்து வேலை செய்கிறது எனக் கொள்ளலாம் என்ற 2011ஆம் ஆண்டு விதியை, மறவாமல் கணக்கிட்டுச் சொல்வது கணினிக்கு எளிது.

பத்திரிகைத் துறையில் நெடுங்காலம் இருந்தவன் என்ற முறையில் நான் கற்ற பாடம் இது: எந்தப் புள்ளிவிபரத்தையும் அதன் ஆண்டும் மூலமும் இல்லாமல் அச்சேற்றலாகாது. மருத்துவரின் திரைக்கும் அவ்விதி பொருந்தும். எந்த ஆண்டின் எல்லைக்கோடு, எந்த நாட்டார் வகுத்தது என்பதை எண்ணின் அருகிலேயே அது காட்டவேண்டும். மலையகத்துத் தொழிலாளியின் மூச்சை வேறெங்கோ வரைந்த கோட்டால் அளக்கும்போது, கோடு யாருடையது என்பதையாவது மருத்துவர் அறிந்திருக்கட்டும்.