தேவாரம் என்னும் பெயர்

விழுப்புரம், திண்டிவனம் ஆகிய ஊர்களைச் சூழ்ந்த நாட்டில் மூவர் முதலிகளின் பாடல்பெற்ற தலங்கள் பல உள. திருவாமாத்தூரும் திருவெண்ணெய்நல்லூரும் திருவக்கரையும் அவற்றுட் சில. ஆங்கெல்லாம் பண்ணோடு ஓதப்பெறும் அருட்பாடல்களுக்குத் தேவாரம் என்னும் பெயர் எவ்வாறு வந்தது என்பது ஆராயத்தக்கது.

தே, ஆரம் எனப் பிரித்து, இறைவற்குச் சூட்டிய மாலை என்பர் ஒரு சாரார். தே, வாரம் எனப் பிரித்து, தெய்வத்தின்பாற் கொண்ட அன்பு என்பர் மற்றொரு சாரார். முதனடை, வாரம், கூடை, திரள் என்னும் இசைநடை நான்கனுள் வாரம் ஒன்றாகலின், அந்நடையிற் பாடப்படுவது என்பாரும் உளர். இவை கேட்டற்கு இனியனவே. ஆயினும், சொற்பொருளைத் துணிதற்குப் பிரித்துக் காண்டல் மட்டும் அமையாது. முன்னோர் வழங்கியவாறும் நோக்கல் வேண்டும்.

சோழர் கல்வெட்டுக்கள் இப்பாடல்களைத் திருப்பதியம் என்றே கூறும். முதலாம் இராசராசன் தஞ்சைப் பெருங்கோயிலில் திருப்பதியம் விண்ணப்பஞ் செய்வார் 48 பேரையும், உடுக்கை வாசிப்பார் ஒருவரையும், கொட்டிமத்தளம் வாசிப்பார் ஒருவரையும் அமர்த்தி, ஒவ்வொருவர்க்கும் நாடோறும் முக்குறுணி நெல் வகுத்தான். அவனது 29ஆம் ஆட்சியாண்டை (கி. பி. 1014) ஒட்டிய செய்தி இது. திருவாமாத்தூர்க் கல்வெட்டொன்றோ, திருப்பதியம் பாடும் கண்ணிலார் 16 பேர்க்கும், அவர்க்குக் கண்காட்டுவார் இருவர்க்கும் நிவந்தம் அளித்தமை கூறும்.

அக்காலத்துத் தேவாரம் என்னுஞ் சொல் வழக்கில் இல்லாததன்று. வேறு பொருளில் வழங்கிற்று. தஞ்சைக் கல்வெட்டிற் சந்திரசேகரர் திருமேனியொன்று தேவாரதேவர் எனப்படும். நாடோறும் வழிபடப்பெறும் தெய்வம் என்பது அதன் பொருள். எனவே, தேவாரம் என்றது வழிபாட்டையே.

மூவர் பாடல்களை இப்பெயராற் சுட்டும் பழைய வழக்கு, இரட்டையர் இயற்றிய ஏகாம்பரநாதர் உலாவிற் காணப்படும் என்பர் ஆய்வாளர். அவ்விருவருள் ஒருவர் கண்ணிலார்; ஒருவர் காலிலார். திருவாமாத்தூர்க் கலம்பகம் பாடினாரும் அவரே. கண்ணிலார் திருப்பதியம் பாடிய தலத்தையே பின்னர் அப்புலவரும் பாடினமை எண்ணி இன்புறற்பாலது.

இவற்றான், வழிபாட்டின் பெயரே அவ்வழிபாட்டின்கண் ஓதப்பெறும் பாடற்கு ஆகிவந்தது எனக் கோடல் பொருந்தும். பூசை முடிந்தபின் சேர்க்கப்படும் அணியன்று தேவாரம், பாடுதலே பூசையாம். பண்ணை நெகிழவிட்டு, செவியின்பம் ஒன்றே கருதி அதனைப் பாடுவார், தாம் சொல்லும் பெயரின் பொருளையே இழப்பர். கண்ணிலார் பதினறுவர் உருவங் காணாராயினும் வழிபாடு இழந்திலர். அவர்தம் பாட்டே அவர்க்குப் பூசையாயிற்று.