மசில்லோடர் துப்பாக்கியும் அமெரிக்க மான் வேட்டையும்

குழலின் வாய் வழியாக மருந்தையும் குண்டையும் இட்டு, சலாகையால் கெட்டித்துச் சுடும் துப்பாக்கிக்கு மசில்லோடர் என்று பெயர். தமிழகத்தில் நாட்டுத் துப்பாக்கி என்று வழங்கப்படுவதும் பெரும்பாலும் இவ்வகையே. உலகின் பல பகுதிகளில் இது அருங்காட்சியகப் பொருளாகிவிட்டது. ஆனால் அமெரிக்காவில் இன்றும் மான் வேட்டைக்காக இது புதிதாகச் செய்யப்பட்டு விற்கப்படுகிறது. எளிய வருவாயுள்ள வேட்டைக்காரர் எந்தத் துப்பாக்கியை வாங்கலாம் என்ற கேள்வி அங்கே முந்நூறு ஆண்டுகளாகக் கேட்கப்படுகிறது. அதற்குக் கிடைத்த விடை காலத்துக்குக் காலம் மாறியது. ஒவ்வொரு மாற்றமும் காட்டிலிருந்த மான்களின் எண்ணிக்கையைத் தொட்டது.

அமைப்பும் இயக்கமும்

மசில்லோடரில் இடப்படும் கரிமருந்து வெடியுப்பு, மரக்கரி, கந்தகம் ஆகிய மூன்றும் சேர்ந்தது. பொதுவான விகிதம் 75:15:10. முதலில் அளந்த மருந்தைக் குழலில் கொட்ட வேண்டும். பிறகு கொழுப்புத் தடவிய துணித்துண்டில் ஈயக் குண்டைப் பொதிந்து, சலாகையால் அடிவரை தள்ள வேண்டும். சக்கிமுக்கித் துப்பாக்கியில், குதிரை எனப்படும் சுத்தியலின் வாயில் கல் கவ்வப்பட்டிருக்கும். விசையை இழுத்தால் அந்தக் கல் எஃகில் உரசிப் பொறி பறக்கும். பொறி சிறு கிண்ணத்திலுள்ள மருந்தைப் பற்றவைக்க, அந்தத் தீ துளை வழியாக உள்ளே சென்று குண்டைத் தள்ளும்.

இவ்வளவும் நடந்தால் கிடைப்பது ஒரே ஒரு வெடி. பழகிய கைக்கும் அடுத்த வெடிக்கு அரை நிமிடமாவது ஆகும். அதற்குள் மான் போய்விடும். மழையில் மருந்து நனைந்தால் அந்த ஒரு வெடியும் கிடைக்காது.

ஈயத்தின் விலையும் பென்சில்வேனியா ரைஃபிளும்

குழலின் உட்சுவரில் திருகுமரை போலப் பள்ளம் வெட்டினால் குண்டு சுழன்று நேராகச் செல்லும். இந்த நுட்பத்தை 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பென்சில்வேனியாவுக்குக் கொண்டுவந்தவர்கள் ஜெர்மன் மொழி பேசிய குடியேறிகள். லங்காஸ்டர் வட்டாரத்துக் கொல்லர்கள், தங்கள் தாயகத்தின் குட்டையான, பெருவாய் ரைஃபிளை நீளமானதாகவும் சிறுவாய் உடையதாகவும் மாற்றினார்கள்.

இந்த மாற்றத்துக்குச் சிக்கனமும் ஒரு காரணம். பிரிட்டிஷ் படைவீரரின் வழவழப்பான குழல் கொண்ட துப்பாக்கிக்கு ஒரு பவுண்டு (சுமார் 454 கிராம்) ஈயத்தில் ஏறத்தாழ 14 குண்டுகளே வார்க்கலாம். 0.45 அங்குல வாயுள்ள பென்சில்வேனியா ரைஃபிளுக்கு அதே ஈயத்தில் 50க்கு மேற்பட்ட குண்டுகள் கிடைக்கும். சிறு குண்டுக்கு மருந்தும் குறைவு. காட்டோரத்தில் வாழ்ந்து, ஈயத்தையும் மருந்தையும் தொலைவிலிருந்து சுமந்து வந்த குடும்பத்துக்கு இது பெரிய சேமிப்பு. ஆனால் துப்பாக்கியின் விலை அதிகம். ஒரு கொல்லர் பல நாள் கைவேலை செய்தே ஒரு ரைஃபிளை முடித்தார். வாங்கும்போது செலவு, வைத்துக்கொள்ளும்போது வரவு என்பதே இதன் கணக்கு.

வணிகத் துப்பாக்கியும் மான் தோலும்

வாங்கும்போது மலிவாக இருந்தது இன்னொரு வகை. மரைப் பள்ளம் இல்லாத, எடை குறைந்த வணிகத் துப்பாக்கிகள் இங்கிலாந்தில் பெருமளவில் செய்யப்பட்டு, பூர்வகுடி மக்களுக்குத் தோலுக்கு மாற்றாக விற்கப்பட்டன. வடக்கே ஹட்சன் விரிகுடா நிறுவனம் பீவர்த் தோலை வாங்கியது. துப்பாக்கியின் உயரத்துக்குத் தோலை அடுக்க வேண்டும் என்பதால்தான் குழலை நீட்டினார்கள் என்ற கதை பரவலாக உண்டு. அது உண்மையல்ல. விலை தோல்களின் எண்ணிக்கையால் குறிக்கப்பட்டது.

தெற்கே கிரீக், செரோக்கி மக்களிடம் வணிகர்கள் கேட்டது மான் தோல். 1699 முதல் 1715 வரை சார்லஸ்டன் துறைமுகத்திலிருந்து ஆண்டுக்குச் சராசரியாகச் சுமார் 54,000 மான் தோல்கள் இங்கிலாந்துக்குப் போயின. அங்கே அவை காற்சட்டைகளாகவும் கையுறைகளாகவும் மாறின. அமெரிக்கர்கள் டாலரை 'பக்', அதாவது ஆண்மான், என்று சொல்லும் வழக்கும் இந்த வணிகத்திலிருந்து வந்ததாகவே பொதுவாகக் கருதப்படுகிறது.

துப்பாக்கி மலிவுதான். ஆனால் மருந்தும் ஈயமும் ஒவ்வோர் ஆண்டும் வேண்டும். அவற்றை வணிகர்கள் கடனாகக் கொடுத்தார்கள். கடனை அடைக்க மேலும் மான்களைக் கொல்ல வேண்டியிருந்தது. மான் குறையக் குறையக் கடன் கூடியது. 1773இல் அகஸ்டாவில் ஏற்பட்ட உடன்படிக்கையில், கிரீக், செரோக்கி மக்கள் வணிகர்களின் கடனுக்கு ஈடாக 20 லட்சம் ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தை ஜார்ஜியாவுக்கு விட்டுக்கொடுத்தனர். மலிவுத் துப்பாக்கிக்கு இறுதியில் கொடுத்த விலை மண்.

கேப்பும் போர்க்கால மிச்சமும்

1807இல் அலெக்சாண்டர் ஃபோர்சைத் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார், தட்டினால் வெடிக்கும் மருந்தைத் துப்பாக்கியில் பயன்படுத்தக் காப்புரிமை பெற்றார். தீபாவளிக்குச் சிறுவர் சுத்தியலால் தட்டும் பொட்டு வெடியும் இதே தத்துவம்தான். பின்னர் அந்த மருந்தைச் சிறு செப்புத் தொப்பிக்குள் அடைத்துச் செய்த கேப்பு வந்தது. கல்லும் கிண்ணமும் தேவையற்றுப் போயின. ஈரத்தில் ஏமாற்றுவது குறைந்தது. பழைய சக்கிமுக்கித் துப்பாக்கிகள் பலவற்றைக் கொல்லர்கள் சிறு செலவில் கேப்புக்கு மாற்றித் தந்தார்கள். செயின்ட் லூயிஸ் நகரில் ஜேக்கப், சாமுவேல் ஹாக்கன் சகோதரர்கள் மேற்குச் சமவெளிக்காகச் செய்த உறுதியான ரைஃபிள்கள் புகழ்பெற்றதும் இக்காலத்தில்தான்.

உள்நாட்டுப் போர் 1865இல் முடிந்தபோது படைத் துப்பாக்கிகள் ஏராளமாக மிஞ்சின. அவற்றின் மரையைக் கடைந்து நீக்கி, ரவை சுடும் துப்பாக்கியாக்கி மலிவாக விற்றார்கள். பின்புறம் தோட்டா இடும் புதிய ரைஃபிளை வாங்க இயலாத உழவர்களுக்கு இது பல ஆண்டுகள் உதவியது.

மான் அருகிய காலம்

வேகமாகச் சுடும் தோட்டாத் துப்பாக்கி, இறைச்சியை நகரச் சந்தைக்குக் கொண்டுபோகும் இரயில், அழிந்துவந்த காடு மூன்றும் சேர்ந்து 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் மானினத்தை ஒடுக்கின. 1900 வாக்கில் அமெரிக்கா முழுவதும் வெள்ளைவால் மான்கள் ஐந்து லட்சத்துக்கு மேல் இல்லை என்பது பொதுவான மதிப்பீடு. நீள ரைஃபிளின் தாயகமான பென்சில்வேனியாவிலேயே மான் அரிதாகிவிட்டது. 1906இல் அம்மாநிலம் மிச்சிகனிலிருந்து மான்களை விலைக்கு வாங்கிக் காட்டில் விட்டது.

1900ஆம் ஆண்டின் லேசி சட்டம், மாநிலச் சட்டத்தை மீறிக் கொன்ற விலங்கை எல்லை தாண்டி விற்பதைக் குற்றமாக்கியது. 1937ஆம் ஆண்டின் பிட்மன்-ராபர்ட்சன் சட்டம், துப்பாக்கி, தோட்டா மீதான வரியைக் காட்டுயிர் மீட்புக்கு ஒதுக்கியது. நீள்குழல் துப்பாக்கிகளுக்கு அந்த வரி இன்று 11 விழுக்காடு. வேட்டைக்காலமும் வேட்டை எண்ணிக்கையும் வரையறுக்கப்பட்டன. மான்கள் மீண்டன, இன்று கோடிக்கணக்கில் உள்ளன.

மெதுவான துப்பாக்கிக்குத் தனிப் பருவம்

மான் பெருகியபின், வேட்டை நாட்களைக் கூட்டவும் வேண்டும், அளவுக்கு மீறிய வேட்டையைத் தடுக்கவும் வேண்டும் என்ற நிலை வந்தது. அதற்கு மாநிலங்கள் கண்ட வழிகளில் ஒன்று மசில்லோடர் பருவம். ஒரே வெடி என்ற பழைய குறையையே சட்டம் கட்டுப்பாடாக எடுத்துக்கொண்டது. பென்சில்வேனியா 1974இல், சக்கிமுக்கித் துப்பாக்கிக்கு மட்டும் என்று தனிப் பருவத்தைத் தொடங்கியது.

அதற்குள் பழைய துப்பாக்கி மீண்டும் கடைக்கு வந்திருந்தது. 1933இல் தொடங்கிய தேசிய மசில்லோடர் ரைஃபிள் சங்கம் ஆர்வத்தைக் காத்தது. 1950களில் டென்னசியின் டிக்சி கன் வொர்க்ஸ் முதலிய நிறுவனங்கள் நகல் துப்பாக்கிகளை விற்கத் தொடங்கின. இத்தாலியின் பிரெஷா வட்டாரமும் ஸ்பெயினும் மலிவான நகல்களை அனுப்பின. 1970இல் தாம்சன் சென்டர் நிறுவனம் ஹாக்கன் பெயரில் ஒரு ரைஃபிளை வெளியிட்டது. 1971இல் தொடங்கிய சி.வி.ஏ. போன்றவை, பாகங்களைப் பெட்டியில் இட்டு விற்றன. வாங்கியவர் தாமே மரத்தைத் தேய்த்து, இரும்புக்கு நிறமேற்றிப் பூட்டிக்கொள்வார். கைவேலையைத் தான் ஏற்றுக்கொண்டதால் விலை குறைந்தது. 1968ஆம் ஆண்டுத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் இவ்வகையில் பெரும்பாலானவற்றைப் பழம்பொருள் பிரிவில் வைத்ததும் விற்பனைக்கு உதவியது. எனினும் மாநிலச் சட்டங்கள் வேறுபடும்.

1985இல் மிசூரியைச் சேர்ந்த டோனி நைட் எம்.கே.-85 ரைஃபிளை அறிமுகம் செய்தார். இதில் கேப்பு குழலின் பக்கவாட்டில் இல்லாமல், மருந்துக்கு நேர் பின்னால் இருந்தது. தீ வளையாமல் செல்வதால் வெடி தவறுவது குறைந்தது. மரையை நெருக்கமாக வெட்டி நீள் குண்டைச் சுடலாம், தொலைநோக்கியும் பொருத்தலாம். விரைவில் இந்த நேர்ப்பொறி வகையே மலிவானதும் ஆயிற்று. மெதுவான துப்பாக்கிக்கென்று ஒதுக்கிய பருவத்தில் இது நுழையலாமா என்ற வழக்கு இன்னும் ஓயவில்லை. கொலராடோ மசில்லோடர் பருவத்தில் தொலைநோக்கியையும் வில்லையாக வரும் மருந்தையும் அனுமதிப்பதில்லை. பென்சில்வேனியா, கிறிஸ்துமசுக்குப் பிந்தைய பருவத்தைச் சக்கிமுக்கிக்கே வைத்திருக்கிறது.

மலிவானதைத் தேர்வது

மேற்கண்ட வரலாற்றிலிருந்தே, இன்று வாங்குபவர் பார்க்க வேண்டியவற்றை வரிசைப்படுத்தலாம்.

1. சட்டம்: வேட்டையாடும் மாநிலம் எந்தப் பொறியை ஏற்கிறது என்பதே முதல் கேள்வி. அனுமதி இல்லாத துப்பாக்கி எவ்வளவு மலிவாக இருந்தாலும் வீண் செலவு.

2. பொறி: குறைந்த விலையில் நம்பிக்கையாக வெடிப்பது நேர்ப்பொறி. அடுத்தது கேப்பு. சக்கிமுக்கியில் மலிவைத் தேடினால் பொறி சரியாகப் பறக்காத துப்பாக்கி கையில் சிக்கக்கூடும்.

3. மரையும் குண்டும்: உருண்டைக் குண்டுக்கு 60 அங்குலத்துக்கு மேல் ஒரு சுற்று என்ற தளர்ந்த மரை ஏற்றது. நீள் குண்டுக்கு 28 அங்குலத்துக்கு ஒரு சுற்று. 48 அங்குலத்துக்கு ஒரு சுற்று இரண்டுக்கும் இடைப்பட்டது. மானுக்குப் பரவலாக வாங்கப்படுவது 0.50 அங்குல வாய். அதற்கான குண்டும் எளிதில் கிடைக்கும்.

4. பழைய துப்பாக்கி: கரிமருந்தின் கசடு ஈரத்தை இழுத்துக் குழலை அரிக்கும். வெளியே பளபளத்தாலும் உள்ளே துரு இருக்கலாம். சலாகையை உள்ளே விட்டு, அது அடிவரை போகிறதா என்று அளந்து, பழைய வெடி உள்ளே தங்கியிருக்கிறதா என்பதை முதலில் அறிய வேண்டும். ஒவ்வொரு முறை சுட்டபின்னும் சோப்பு கலந்த வெந்நீரால் கழுவி எண்ணெயிடுவது செலவில்லாத பாதுகாப்பு.

5. மருந்து: கரிமருந்தோ அதற்கு ஈடாகச் செய்யப்பட்ட மருந்தோ மட்டுமே இட வேண்டும். தோட்டாக்களில் உள்ள புகையிலா மருந்தை இட்டால் குழல் வெடித்து, சுடுபவரின் கையும் கண்ணும் போகும். உற்பத்தியாளர் அதற்கென்றே குறிப்பிட்டுச் செய்த சில துப்பாக்கிகள் மட்டும் விலக்கு.

இந்தியத் தொடர்பு

அமெரிக்காவில் பெரும் மருந்தாலை நடத்திய டூபாண்ட் நிறுவனம் இந்திய வெடியுப்பை நம்பியிருந்தது. உள்நாட்டுப் போர் தொடங்கிய 1861இல், வடமாநிலங்களுக்காக இந்திய வெடியுப்பை வாங்க லாமட் டூபாண்ட் இங்கிலாந்துக்கே சென்றார். வடஇந்திய மண்ணில் காய்ச்சிய உப்பு அமெரிக்கப் போர்க்களத்தில் வெடித்தது.

வேட்டையைப் பொறுத்தவரை இரு நாடுகளின் பாதை வேறு. இந்தியாவில் 1972ஆம் ஆண்டுக் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்படி மான் வேட்டை குற்றம். உரிமம் இல்லாமல் நாட்டுத் துப்பாக்கி வைத்திருப்பதும் குற்றமே. எனவே இந்திய வாசகர்களுக்கு மேற்கண்ட பட்டியல் வரலாற்றுச் செய்தி மட்டுமே.

மதிப்பீடு

கிரீக் வேடரின் வணிகத் துப்பாக்கியும், இன்றைய நேர்ப்பொறியும் தம் காலத்தில் மலிவானவையே. முன்னதற்குக் கட்டுப்பாடு எதுவும் இல்லை. கடன் மட்டுமே இருந்தது. பின்னதைச் சுற்றி வேட்டைப் பருவம், எண்ணிக்கை வரம்பு, வரி என்ற வேலி உள்ளது. மானைக் காத்தது துப்பாக்கியின் மெதுவான வேகம் அல்ல, இந்த வேலியே. ஆயினும் ஒரே வெடி என்ற வரம்பு வேட்டைக்காரரிடம் ஒன்றைக் கேட்கிறது: நெருங்கிச் செல், உறுதியானால் மட்டும் சுடு. குறி தவறிய வெடியால் காயம்பட்டுக் காட்டுக்குள் ஓடி, நாள் கணக்கில் துன்புற்று இறக்கும் மானுக்கு, துப்பாக்கி என்ன விலை என்பது பொருட்டல்ல. மலிவான துப்பாக்கியில் எதைக் குறைத்தாலும், விசையை இழுத்தபோது வெடிக்கும் என்ற நம்பிக்கையைக் குறைக்கக் கூடாது என்று அனுபவமுள்ள வேட்டைக்காரர்கள் சொல்வது இதனால்தான்.