தோட்டத்து வைத்தியரும் யோகக் கல்வியும்

யோகம் குருவின் அருகிருந்து பயிலவேண்டிய வித்தை என்பது நம் முன்னோர் துணிபு. அதனை நூலாலும் கடிதத்தாலும் கற்பிக்கலாமோ என்னும் வினா இருபதாம் நூற்றாண்டிலே கூர்மையாய் எழுந்தது. அதற்குத் தம் வாழ்க்கையாலேயே விடை கூற முற்பட்டவர், முன்னாளில் ஓர் இறப்பர்த் தோட்டத்து வைத்தியராயிருந்தவர் என்பது பலர் கருதாத செய்தி.

பத்தமடையில் 1887 ஆம் ஆண்டு பிறந்த குப்புசாமி என்பார் தஞ்சையில் மருத்துவம் கற்று, 1913 இல் மலாயா சென்றார். சிரம்பானுக்கு அண்மையிலிருந்த தோட்ட வைத்தியசாலையிலே, பால் வெட்டும் தமிழ்த் தொழிலாளருக்குச் சிகிச்சை செய்தார். 1923 இல் அத்தொழிலைத் துறந்தார். அடுத்த ஆண்டு இருஷிகேசத்தில் துறவு பூண்டு சிவானந்தர் ஆனார். துறவு பூண்டும் மருந்துப் பெட்டியை அவர் விடவில்லை. 1927 இல் இலட்சுமண்சூலாவில் இலவச மருந்துச்சாலை நடத்தினார். 1936 இல் தெய்விக வாழ்க்கைச் சங்கம் நிறுவப்பெற்றது.

அவருடைய போதனை முறையிலும் வைத்தியரின் கையே தெரிகின்றது. இருபது அறிவுரைகளை வகுத்தார். எத்தனை மணிக்கு எழுந்தாய், எத்தனை உரு செபித்தாய் என நாள்தோறும் குறிக்கும் ஆன்மிக நாட்குறிப்பு ஒன்றையும் மாணாக்கருக்கு விதித்தார். நோயாளியின் கட்டிலருகே தொங்கும் காய்ச்சற் குறிப்பை இது நினைவூட்டுமன்றோ! காணாத மாணாக்கனை அக்குறிப்பின் வழியே அவர் காண முயன்றார் எனல் பொருந்தும்.

அதே காலத்தில் மைசூர் அரண்மனை யோகசாலையில் 1933 முதல் கற்பித்த கிருஷ்ணமாச்சாரியார் வேறொரு நெறி நின்றார். வயது, உடல்நிலை, தொழில் ஆகியவற்றை நோக்கி ஒவ்வொருவர்க்கும் ஏற்றதைத் தெரிந்து கொடுப்பதே ஆசிரியன் கடன் என்பது, சிறப்பாக அவருடைய பிற்காலப் போதனையில் உறுதிபெற்றது. ஆசனத்தைப் பொறுத்தவரை இவர் நெறியே பிழைக்கு இடங்குறைந்தது. எனினும் ஒருவர் கண்பார்வையில் எத்தனை பேர் பயில இயலும்?

இலங்கைக்குச் சிவானந்தர் 1950 ஆம் ஆண்டுச் சுற்றுப்பயணத்தின்போது வந்தார். அவர் சீடராகிய சச்சிதானந்தர் 1953 இல் வந்து, கண்டியில் ஆசிரமம் அமைத்துப் பணிபுரிந்தார். 1966 இல் அமெரிக்கா சென்றார். யாழ்ப்பாணத்திலோ, 1964 இல் மறைந்த யோகர் சுவாமிகள் ஆசன வகுப்பு எதுவும் நடத்தாமலே, பேச்சாலும் ஏச்சாலும் மௌனத்தாலும் ஆளுக்கேற்பப் போதித்தார்.

இனி இவ்வினாவைக் கித்துல்கலையில் வைத்து நோக்குக. அவிசாவளையிலிருந்து எட்டியாந்தோட்டை வழியே அட்டனுக்கு ஏறும் வீதியில், களனி கங்கையின் கரையிலுள்ள மழைமிகுந்த ஊர் அது. தாழ்ந்த சரிவுகளில் இறப்பரும் உயர்ந்தவற்றில் தேயிலையும் வளரும் அப்பகுதியில், விடியற்பொழுது உழைப்பின் பொழுதாகும். வெயில் ஏறுமுன் மரத்தில் அழுத்தம் மிகுந்திருப்பதால் அப்போதுதான் பால் நன்கு வடியும். பெண்களோ அதற்கும் முன்னெழுந்து சமைத்து, குழந்தையைப் பிள்ளைக் காம்பராவில் விட்டுப் பெரட்டுக்குப் போகவேண்டும். சிவானந்தரின் முதல் அறிவுரை, நான்கு மணிக்கு எழுந்து தியானத்தில் அமர்க என்பது. எழுவதில் தொழிலாளிக்குக் குறையில்லை, அமர்வதற்கே நேரமில்லை. மேலும் அவருடைய நூல்களுட் பெரும்பாலானவை ஆங்கிலத்தில் எழுதப்பெற்றவை. அவை உத்தியோகத்தர் இல்லங்களை எளிதில் அடைந்தன. இலயத்து வாசலைத் தாண்டுவது அரிதாயிற்று. தோட்டத்து வைகறையை நேரிற் கண்டிருக்கக்கூடிய ஒருவரின் போதனைக்கு இவ்வெல்லை நேர்ந்தது வருந்தத்தக்கதே.

ஆயினும் அவர் ஆசனத்தை மட்டும் யோகம் என்றாரல்லர். நாமசங்கீர்த்தனத்தையும் தொண்டையும் அதனோடு ஒப்பவைத்தார். அந்த அளவிலே தோட்டங்கள் எவரிடமும் பாடங் கேட்கக் காத்திருக்கவில்லை. மார்கழி முழுதும் பெரட்டுக்கு முந்திய இருளிலே, தாளத்தோடும் விளக்கோடும் இலயம் இலயமாய்ச் செல்லும் பசனைக் கூட்டத்தில், பாட்டை மகன் தந்தையிடமிருந்து கேட்டே கற்றான்.