தைக்கா வீட்டுப் பிள்ளையும் அறுபதுகளின் பாடல்களும்

1960-களில் மேலைநாட்டு இளைஞர் உலகை ஆட்டிப்படைத்த பாடற்குழுக்களின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் இங்கிலாந்தின் லிவர்பூல் நகரிலிருந்தே தொடங்குவர். பீட்டில்ஸ் என்னும் நால்வர் 1964 பிப்ரவரியில் நியூயார்க் விமான நிலையத்தில் வந்திறங்கியதும், அமெரிக்கா அவர்களுக்கு அடிமைப்பட்டதும் பலராலும் பலமுறை சொல்லப்பட்ட செய்திகள். நாம் வேறொரு வாயில் வழியே அப்பத்தாண்டினுள் நுழைய விரும்புகிறோம். அவ்வாயில் துருக்கியில், பாஸ்பரஸ் நீரிணையின் ஆசியக் கரையில், உஸ்குதார் மேட்டின்மீது இருக்கிறது. அது ஒரு தைக்காவின் வாயில்.

காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் நாம் தைக்கா என வழங்கும் சொல்லையே துருக்கியர் தெக்கே என்பர். சுல்தான்தெபே என்னுமிடத்திலுள்ள இதற்கு உஸ்பெக்கியர் தைக்கா என்று பெயர். மத்திய ஆசியாவிலிருந்து ஹஜ்ஜுக்குப் புறப்பட்டு வரும் ஏழைப் பயணிகள் தங்கி இளைப்பாறிச் செல்வதற்கென எழுந்த இது நக்ஷபந்தி தரீக்காவைச் சார்ந்தது. முதல் உலகப் போருக்குப் பின் இஸ்தான்பூல் அந்நியப் படைகளின் பிடியிலிருந்தபோது, விடுதலைப் போராளிகளை இரகசியமாக அனடோலியாவுக்கு அனுப்பிவைத்த நிலையங்களுள் இதுவும் ஒன்று. புகழ்பெற்ற நாவலாசிரியை ஹாலிதா அதீப் அம்மையாரும் இங்குத் தங்கியே தப்பிச் சென்றார்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இதன் ஷைகாக விளங்கியவர் இப்ராஹீம் அத்ஹம் எஃபெந்தி. ஆன்மிக வழிகாட்டியாக மட்டுமன்றி, நீரின்மீது வண்ணம் தெளித்துத் தாளில் ஒற்றியெடுக்கும் எப்ரு கலையில் தேர்ந்த ஆசானாகவும் அவர் இருந்தார். பல தொழில்களிலும் கைதேர்ந்தவராதலால் 'ஆயிரம் கலை வல்லார்' என்றே மக்கள் அவரை அழைத்தனர். இவருடைய மகள் வயிற்றுப் பேரரே முஹம்மது முனீர் எர்தெகுன். லோசான் உடன்படிக்கைப் பேச்சுவார்த்தையில் துருக்கியின் சட்ட ஆலோசகராகப் பணியாற்றிய இவர், பின்னர் சுவிட்சர்லாந்து, பிரான்சு, இங்கிலாந்து ஆகிய நாடுகளில் தூதராயிருந்து, 1934-இல் அமெரிக்காவுக்கான தூதராக நியமனம் பெற்றார். இவருடைய புதல்வர் இருவர். மூத்தவர் நஸூஹி, 1917-இல் பிறந்தவர். இளையவர் அஹ்மத், 1923-இல் பிறந்தவர். இந்த இளையவரே நம் கட்டுரையின் நாயகர்.

லண்டனில் இருந்தபோதே, 1933-இல், டியூக் எல்லிங்டனின் கறுப்பின இசைக்குழுவைக் கேட்கும் வாய்ப்பு அஹ்மதுக்குக் கிட்டிற்று. அழைத்துச் சென்றவர் அண்ணன் நஸூஹி. அன்று பற்றிய நாட்டம் வாஷிங்டனில் பெருந்தீயாயிற்று. கறுப்பின மக்கள் வாழும் பகுதிகளில் பழைய இசைத்தட்டுகளைத் தேடியலைந்து, சகோதரர் இருவரும் 15,000-க்கு மேற்பட்ட தட்டுகளைச் சேர்த்துவிட்டனர்.

அக்காலத்து வாஷிங்டனில் உணவு விடுதிகளும் அரங்குகளும் நிறத்தால் பிரிக்கப்பட்டிருந்தன என்பதை வாசகர் நினைவிற் கொள்ள வேண்டும். அத்தகைய நகரில், துருக்கித் தூதரகத்திற்குக் கறுப்பினக் கலைஞர்கள் ஞாயிறுதோறும் விருந்தினராக வந்து உண்டு, பாடிச் சென்றனர். இதனைப் பொறாத தென்மாநிலத்துச் செனட்டர் ஒருவர், கறுப்பர் தூதரகத்தின் முன்வாயில் வழியே நுழைவதைக் கண்டதாக முனீருக்கு எழுதினாராம். தம் இல்லத்திற்கு நண்பர்கள் முன்வாயில் வழியாகவே வருவர் என்றும், செனட்டர் வருவதாயின் பின்வாயிலுக்கு ஏற்பாடு செய்து தரலாம் என்றும் தூதர் மறுமொழி விடுத்தாராம். இது அஹ்மத் பிற்காலத்தில் பலகால் சொல்லி மகிழ்ந்த கதை. 1942-இல் இரு நிறத்தாரும் ஒரே மேடையில் இசைத்து, இரு நிறத்தாரும் ஒரே அவையில் கேட்கும் நிகழ்ச்சியொன்றைச் சகோதரர்கள் நடத்தினர். அதற்கு இடந்தர முன்வந்தது யூத சமூக மன்றம் ஒன்றே.

முனீர் 1944 நவம்பரில் வாஷிங்டனில் வஃபாத்தானார். போர் முடிந்தபின் அவரது ஜனாஸாவை மிஸ்ஸௌரி என்னும் பெரும் போர்க்கப்பலில் ஏற்றி அமெரிக்க அரசு அனுப்பிவைத்தது. 1946 ஏப்ரல் 5-ஆம் நாள் கப்பல் இஸ்தான்பூலை அடைந்தது. ஜப்பான் சரணடைந்த கையொப்பம் இடப்பட்டதும் அதே கப்பலின் தளத்தில்தான். தூதர் தம் பாட்டனாரின் தைக்காவில் அடக்கம் செய்யப்பட்டார். தாயும் தங்கையும் தாயகம் திரும்பினர். இடைக்காலத் தத்துவம் பயின்றுகொண்டிருந்த அஹ்மத் மட்டும் திரும்பவில்லை. குடும்பப் பல் மருத்துவரிடம் 10,000 டாலர் கடன் பெற்று, ஹெர்ப் ஏப்ரம்சன் என்னும் நண்பருடன் 1947-இல் நியூயார்க்கில் அட்லாண்டிக் இசைத்தட்டு நிறுவனத்தைத் தொடங்கினார்.

இசை ஆகுமா ஆகாதா என்ற மார்க்க விவாதத்தினுள் நாம் இங்குப் புகவில்லை. அது ஆலிம்களின் துறை. தைக்காவில் வேர்விட்ட ஒரு குடும்பத்தின் பிள்ளை, அமெரிக்காவில் ஒடுக்கப்பட்ட மக்களின் குரலை உலகெங்கும் ஒலிக்கச் செய்த வரலாற்றையும், அந்தக் குரலுக்குரிய ஹக்கு என்னவாயிற்று என்பதையுமே நாம் ஆராய முற்படுகிறோம்.

தொடக்கத்தில் அட்லாண்டிக்கின் அலுவலகம் ஓர் உணவு விடுதியின் மாடியில் இருந்தது. பகலில் கணக்கெழுதும் மேசைகளை இரவில் சுவரோரம் தள்ளிவிட்டுப் பாடல் பதிவு செய்தனர். அஹ்மத் தாமும் சில பாடல்களை இயற்றினார். ஆனால் எர்தெகுன் என்ற பெயரை எழுத்துக்களால் தலைகீழாக்கி 'நுகெத்ரே' என்று ஒப்பமிட்டார். தூதரின் மகன் தெருப்பாட்டு எழுதினான் என்ற பேச்சு அவருக்கு உவப்பாயிருந்திராது போலும்!

நிறுவனத்தைத் தூக்கி நிறுத்தியவர் ரூத் பிரவுன் என்னும் கறுப்பினப் பெண்மணி. கார் விபத்தில் கால்கள் நொறுங்கி மருத்துவமனையிற் கிடந்தபோதே ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டவர். 1950 முதல் அவருடைய தட்டுகள் விற்ற வேகத்தைக் கண்டவர்கள் அட்லாண்டிக்கை 'ரூத் கட்டிய வீடு' என்றே அழைத்தனர். 1952-இல் ரே சார்லஸ் வந்தார். 1953-இல் ஜெர்ரி வெக்ஸ்லர் பங்காளியாகச் சேர்ந்தார். கறுப்பினத்தார் பாடல்களை 'இனத் தட்டுகள்' என்று ஒதுக்கிவைத்த வழக்கை மாற்றி, 'ரிதம் அண்ட் புளூஸ்' என்ற பெயரைப் பத்திரிகையில் புழக்கத்திற்குக் கொண்டுவந்தவர் இவரே. 1955-இல் நஸூஹியும் தம்பியுடன் இணைந்தார்.

இனி அறுபதுகளுக்கு வருவோம். அப்பத்தாண்டின் வாயிலில் நிற்கும் குழு டிரிஃப்டர்ஸ். குழு என்று நாம் எழுதுகிறோமே தவிர, அப்பெயர் பாடகர்களுக்குச் சொந்தமன்று. ஜார்ஜ் டிரெட்வெல் என்ற மேலாளருக்குச் சொந்தமானது. 1958-இல் அவர் குழுவினர் அனைவரையும் ஒருசேர நீக்கிவிட்டு, வேறொரு குழுவைப் பிடித்து வந்து, இன்று முதல் நீங்களே டிரிஃப்டர்ஸ் என்றார். பாடகர்களுக்கு வாரச் சம்பளமே கிட்டியது. புதிய குழுவில் தலைமைக் குரலாயிருந்தவர் பென் இ. கிங். 1960-இல் அவர் பாடிய 'சேவ் தி லாஸ்ட் டான்ஸ் ஃபார் மீ' அமெரிக்காவின் முதலிடத்தைப் பிடித்தது. அப்பாடலை யாத்த டாக் போமஸ் இளம்பிள்ளை வாதத்தால் கால் விளங்காதவர். தம் திருமணத்தன்று மணப்பெண் பிறருடன் ஆடுவதை ஊன்றுகோலுடன் அமர்ந்து பார்த்திருந்தவர். அந்நினைவே பாடலாயிற்று. முதலிடம் பிடித்த பாடலைப் பாடியவர் ஊதிய உயர்வு கேட்டார், மறுக்கப்பட்டது, வெளியேறினார். தனித்து நின்று அவர் 1961-இல் வெளியிட்டதே 'ஸ்டாண்ட் பை மீ'. கறுப்பினத் தேவாலயப் பாடல்களின் மரபில் முளைத்த அப்பாடலைப் பின்னர்ப் பாடாதவர் இல்லை. நம்மவர் பெரிதும் நேசிக்கும் குத்துச்சண்டை வீரர் முஹம்மது அலியும், காசியஸ் கிளே என்ற பழைய பெயரில் இருந்தபோது, இதனைத் தம் குரலில் இசைத்தட்டில் பதித்திருக்கிறார்.

நிறுவனம் தெற்கே கை நீட்டிய கதை இன்னும் சுவையானது. டென்னஸி மாநிலத்து மெம்ஃபிஸ் நகரில் ஜிம் ஸ்டூவர்ட், எஸ்டெல் ஆக்ஸ்டன் என்ற வெள்ளையின உடன்பிறப்புகள், பழைய திரையரங்கு ஒன்றை வாடகைக்குப் பிடித்துப் பதிவுக்கூடமாக்கினர். பதிவுப் பொறி வாங்குவதற்காக ஆக்ஸ்டன் அம்மையார் தம் வீட்டையே அடகு வைத்தவர். மிட்டாய் விற்ற முகப்பு, இசைத்தட்டுக் கடையாயிற்று. நாற்காலிகளைப் பிடுங்கிய சாய்தளம் அப்படியே கிடந்தது. அந்தச் சாய்வே ஸ்டாக்ஸ் நிறுவனப் பாடல்களின் தனி ஒலிக்குக் காரணம் என்பர். இங்குப் பின்னணி இசைத்த புக்கர் டீ குழுவின் நால்வருள் கறுப்பரும் உண்டு, வெள்ளையரும் உண்டு. வெளியே அந்நால்வரும் ஓர் உணவு விடுதியில் ஒன்றாக அமர்வதே அரிதாயிருந்த காலம் அது. 1962-இல் 'கிரீன் ஆனியன்ஸ்' என்ற அவர்களுடைய இசை நாடெங்கும் ஒலித்தது. 1965-இல் வில்சன் பிக்கெட் என்னும் பாடகரை அட்லாண்டிக் அங்கு அனுப்பிற்று. நிற வேற்றுமை பாராது இடந்தந்த லொரெய்ன் விடுதியில் தங்கி, கிதார் கலைஞர் ஸ்டீவ் கிராப்பருடன் அவர் 'இன் தி மிட்நைட் அவர்' பாடலைப் புனைந்தார். அதே விடுதியின் மாடத்தில்தான் 1968 ஏப்ரல் 4-ஆம் நாள் மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டார்.

ஸ்டாக்ஸ் கூடத்தின் மணிமகுடம் ஓட்டிஸ் ரெட்டிங். அவர் 1965-இல் எழுதிப் பாடிய 'ரெஸ்பெக்ட்', வீடு திரும்பும் ஆடவன் மனைவியிடம் மரியாதை கேட்பதாக அமைந்தது. இரண்டாண்டுக்குப் பின் அட்லாண்டிக்கின் நியூயார்க் கூடத்தில் அதே பாடலை அரீதா ஃபிராங்க்ளின் பாடினார். டெட்ராய்ட் நகரத்துப் போதகரின் மகளாகிய அவர் வாயில் அது பெண் கேட்கும் மரியாதையாகவும், ஓர் இனம் கேட்கும் மரியாதையாகவும் மாறிவிட்டது. 1967 ஜூனில் அது நாட்டின் முதலிடத்தில் இருந்தது. ஆயினும் அமெரிக்கச் சட்டப்படி வானொலியில் பாடல் ஒலித்தால் உரிமைத்தொகை எழுதியவர் பக்கத்துக்கே செல்லும்; பாடியவருக்கு இல்லை. 2018-இல் மறையும் வரை, எத்தனை ஆயிரம் முறை ஒலிபரப்பானாலும், அப்பாடலுக்காக அந்நாட்டு வானொலியிலிருந்து அரீதாவுக்கு வர வேண்டியது எதுவுமில்லை.

இவ்விடத்தில் அக்காலத்து இசைத்தட்டு வணிகத்தின் கணக்கு முறையைச் சற்று விளக்குதல் வேண்டும். விற்பனையில் பாடகருக்கென ஒதுக்கப்படுவது நூற்றுக்குச் சில விழுக்காடே. அதிலிருந்தே முன்பணமும், பதிவுக்கூடச் செலவும், இசைக்கருவி வாசித்தோர் கூலியும் கழிக்கப்படும். அவை அடைந்து தீரும்வரை பாடகர் பெயரில் கடனே நிற்கும். முன்பணம் வாங்கிய தறிக்காரரின் பற்றுவரவு எந்நாளும் நேராகாததைப் போன்றதுதான் இதுவும். தட்டின் மூலப்பதிவோ என்றென்றும் நிறுவனத்தின் உடைமை. இதனை நன்குணர்ந்தவர் ரே சார்லஸ். 1959 முடிவில் அவர் அட்லாண்டிக்கை விட்டு வேறு நிறுவனம் சென்றபோது, இனிப் பாடுவனவற்றின் மூலப்பதிவுகள் தமக்கே உரியனவாக வேண்டுமென்று எழுதி வாங்கிக்கொண்டார். அவ்வளவு பேரம் பேசும் வலிமை அக்காலத்தில் பிற பாடகர் பெரும்பாலோருக்கு வாய்க்கவில்லை.

1967-இல் எர்தெகுன் சகோதரர்களும் வெக்ஸ்லரும் அட்லாண்டிக்கை வார்னர் நிறுவனத்துக்கு 1 கோடியே 75 லட்சம் டாலருக்கு விற்றனர். அப்போது ஸ்டாக்ஸ் உரிமையாளர் பழைய ஒப்பந்தத்தைப் பிரித்துப் படித்தார். 1965-இல் நண்பர் நீட்டிய தாளில், படிக்காமலே கையொப்பமிட்டிருந்தார் அவர். அதன்படி, அதுவரை அட்லாண்டிக் வழியாக விற்ற ஸ்டாக்ஸ் பாடல்களின் மூலப்பதிவுகள் யாவும் அட்லாண்டிக்குக்கே சொந்தம் என்றாகிவிட்டது. அந்த வாசகம் தமக்கே தெரியாது, வக்கீல்கள் எழுதியது என்று வெக்ஸ்லர் பின்னாளிற் கூறினார். 1967 டிசம்பர் 10-ஆம் நாள் ஓட்டிஸ் ரெட்டிங் 26 வயதில் விமான விபத்தில் மாண்டார். அவர் இறுதியாகப் பதிந்த 'டாக் ஆஃப் தி பே' அடுத்த மார்ச்சில் முதலிடம் பெற்றது. பாடகரும் போய்ப் பாடல்களும் போன நிலையில் மெம்ஃபிஸ் கூடம் நின்றது.

அட்லாண்டிக்கோ கிரீம், லெட் ஸெப்பலின் முதலிய ஆங்கிலக் குழுக்களின் தட்டுகளால் மேலும் செழித்தது. அறுபதுகளில் ரூத் பிரவுன் என்ன செய்துகொண்டிருந்தார்? 1961-இல் அட்லாண்டிக்கை விட்டு விலகியபின், பள்ளிப் பேருந்து ஓட்டியும், பிறர் வீடுகளில் துப்புரவுப் பணி செய்தும் பிள்ளைகளை வளர்த்தார். தம் பழைய தட்டுகளுக்கு உரிமைத்தொகை கேட்டபோது, அவர்தாம் நிறுவனத்துக்குக் கடன்பட்டிருப்பதாகக் கணக்குக் காட்டப்பட்டது.

உழைத்தவரின் வியர்வை உலருமுன் கூலியைக் கொடுத்துவிடப் பணித்த நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் உம்மத்தினராகிய நாம் இக்கணக்கை மேலோட்டமாகக் கடந்துசெல்ல இயலாது. அக்காலத்துச் சிறு நிறுவனங்கள் பல பாடகருக்கு ஒரு காசும் தராமல் ஏய்த்தன என்பதும், அவற்றோடு ஒப்பிட அட்லாண்டிக் கண்ணியமானது என்பதும் மெய்யே. ஆயினும் பிறர் கொடுக்கவில்லை என்பது இவர் கொடாமைக்கு விடையாகாது. தந்தையின் தூதரகத்தில் முன்வாயிலைத் திறந்துவைத்தவர், தம் அலுவலகத்தின் கணக்கேட்டையும் அதே தாராளத்தோடு திறந்திருக்கலாம் என்றே நமக்குத் தோன்றுகிறது.

ஆனால் அது திறக்கப்படாமலே போய்விடவில்லை. வாஷிங்டன் வழக்கறிஞர் ஹோவெல் பெகில், ரூத் பிரவுனின் பழைய ரசிகர். தட்டுகளைக் கொண்டுபோய் கையொப்பம் கேட்டபோதுதான், அவற்றிலிருந்து அவருக்கு ஒன்றும் வருவதில்லை என்று அறிந்து திடுக்கிட்டார். ஆண்டுக்கணக்கில் அவர் விடாது வாதாடியதன் பயனாக, 1988-இல், நிறுவனம் நாற்பதாண்டு விழாக் கொண்டாடிய வேளையில், ரூத் பிரவுனும் மேலும் 35 கலைஞரும் பட்டிருந்த 'கடன்' தள்ளுபடி செய்யப்பட்டது. இருபதாண்டு நிலுவைத் தொகை வழங்க அட்லாண்டிக் இசைந்தது. வறுமையுற்ற பழைய பாடகர்களின் மருத்துவத்துக்கும் வாழ்வுக்கும் உதவ 'ரிதம் அண்ட் புளூஸ் அறநிலையம்' தோன்றியது. அதற்கு அஹ்மத் எர்தெகுனின் முயற்சியால் பத்து லட்சம் டாலருக்கு மேற்பட்ட தொகை அளிக்கப்பட்டது. பிற பெரிய நிறுவனங்கள் சிலவும் பழைய பாடகர்களின் கணக்கை மறுபடி பார்க்க அதன்பின்னரே முன்வந்தன.

அஹ்மத் 2006 அக்டோபர் 29-ஆம் நாள், நியூயார்க்கில் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் நிகழ்ச்சியொன்றில் மேடைக்குப் பின்புறம் இடறி விழுந்தார். நினைவு திரும்பாமலே டிசம்பர் 14-இல் வஃபாத்தானார். ஜனாஸா இஸ்தான்பூலுக்குக் கொண்டு செல்லப்பட்டு, தந்தையும் 1989-இல் மறைந்த அண்ணனும் அடங்கியிருக்கும் தைக்கா மையவாடியில் அடக்கப்பட்டது. ரூத் பிரவுன் அவருக்கு இருபத்தேழு நாள் முன்னதாக, நவம்பர் 17-இல், 78-ஆம் வயதில் காலமானார். அவருடைய கணக்கு மீண்டும் திறக்கப்பட்டு அப்போது பதினெட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.