ரவிதாசன் மந்திரவாதியா? பொன்னியின் செல்வனும் வாசகர் கோபமும்

இந்த எபிசோடை எங்க ஊர் தா.பழூர்ல, வீட்டு மாடியில உக்காந்து பதிவு பண்றேன். இடையில டிராக்டர் சத்தம் கேட்டா பொறுத்துக்கோங்க.

பொன்னியின் செல்வன் படிச்ச நாலு பேர் ஒண்ணா உக்காந்தா அஞ்சு கருத்து வரும். எங்க பெரியம்மா, வார இதழ்ல இருந்து கிழிச்சு பைண்டிங் பண்ணின புத்தகத்துல படிச்சவங்க. அவங்களுக்கு இன்னிக்கும் ஆறாத கோபம் ஒண்ணு உண்டு. "அஞ்சு பாகம் படிக்க வெச்சுட்டு, ஆதித்த கரிகாலனை யார் கொன்னான்னு கடைசி வரைக்கும் நேரா சொல்லலியேடா!" என்கூட வேலை பாக்கிற நண்பன் 2022ல படம் பாத்துட்டு நாவலுக்கு வந்தவன். அவனுக்கு நந்தினி பிடிக்கும், சதி பிடிக்கும், பாதாளச் சுரங்கம் பிடிக்கும். முடிவு மட்டும் "ரிலீஸ் பண்ணக்கூடாத பில்டு" என்பான்.

இந்தக் கோபம் புதுசு இல்லை. கல்கி இதழில் 1950 அக்டோபர் 29ல் தொடங்கி 1954 மே 16 வரை, மூன்றரை வருஷத்துக்கு மேல் வந்த தொடர் அது. வாரா வாரம் காத்திருந்து படித்தவர்களுக்கு முடிவு சட்டென்று வந்துவிட்டது. குறை சொல்லிக் கடிதங்கள் போயின. அதனால்தான் கல்கி ஒரு முடிவுரை எழுதினார். சமூகக் கதை வேறு, சரித்திரக் கதை வேறு என்று விளக்கி, பாத்திரங்கள் பிறகு என்ன ஆனார்கள் என்று சுருக்கமாகச் சொன்னார். அதே வருஷம் டிசம்பர் 5ல் அவர் காலமாகிவிட்டார்.

கொலை நடக்கும் கட்டத்தையே எடுத்துக்கோங்க. கடம்பூர் மாளிகை, இருட்டு, ஒரு வாள். மணிமேகலை நான்தான் என்கிறாள். பெரிய பழுவேட்டரையர் நான் எறிந்த கத்தி என்கிறார். பழி வந்தியத்தேவன் மேல் விழுகிறது. ரவிதாசன் கூட்டமும் அங்கே இருக்கிறது. இத்தனை பேரைக் கொண்டு வந்து நிறுத்திவிட்டு, அடித்துச் சொல்லாமல் நகர்ந்து போகிறார் கல்கி. ஏன்?

பதில் எங்க ஊர்ல இருந்து பைக்ல ஒரு மணி நேரத் தூரத்துல இருக்கு. ஜெயங்கொண்டம், கங்கைகொண்ட சோழபுரம், மீன்சுருட்டி தாண்டினா காட்டுமன்னார்கோயில். அங்கே உடையார்குடி அனந்தீஸ்வரர் கோயில் கல்வெட்டில்தான் அந்தப் பெயர்கள் இருக்கின்றன. சோமன், ரவிதாசன் ஆன பஞ்சவன் பிரம்மாதிராசன், பரமேஸ்வரன் ஆன இருமுடிச் சோழ பிரம்மாதிராசன். கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு சொல்கிறது. பறிமுதல் அவர்களோடு நிற்கவில்லை. பிள்ளைகள், பெரியப்பன்மார், தாய்மாமன்மார், அந்த வீட்டில் பெண் எடுத்தவர்கள் என்று சொந்தபந்தம் முழுக்கப் போகிறது. அந்த நிலத்தை ஒருவர் வாங்கித் தருமத்துக்குக் கொடுத்த விவரத்துக்காகத்தான் கல்லே வெட்டப்பட்டிருக்கிறது.

கவனிங்க, மந்திரவாதி என்று ஒரு வார்த்தை கிடையாது. ஆந்தை மாதிரிக் கத்துகிற ரவிதாசன் கல்கியின் ஆள். கல்லில் இருக்கும் ரவிதாசன் 'பிரம்மாதிராசன்' என்ற பட்டம் பெற்ற பிராமண அதிகாரி. 'பஞ்சவன்' என்பது பாண்டியனைக் குறிக்கும் சொல். அந்த ஒரு நூலைப் பிடித்துப் பாண்டியத் தொடர்பைப் பேசுகிறவர்கள் உண்டு. ஏன் கொன்றார்கள், யார் ஏவினார்கள் என்று கல் சொல்லவில்லை. நீலகண்ட சாஸ்திரி உத்தம சோழனைச் சந்தேகப்பட்டார். சதாசிவ பண்டாரத்தார் அதை ஏற்கவில்லை. வரலாற்று ஆசிரியர்களே ஒத்துப்போகாத இடத்தில் கல்கியும் தீர்ப்பு எழுதவில்லை.

அப்போ கல்கி மேல தப்பே இல்லையான்னு கேப்பீங்க. தப்பு நம்ம பக்கம்னு நினைக்கிறேன். என்னோட கதையையே சொல்றேன்.

காலேஜ் ஹாஸ்டல்ல "தா.பழூர்"னு சொன்னதும் "பழுவேட்டரையர் ஊரா?"ன்னு கேப்பாங்க. அது பழுவூர், அரியலூர்ப் பக்கம். ஆனா அதே மாவட்டம்தானேன்னு பெருமையா, ஒரு லீவுல நண்பர்களைக் கீழையூர் இரட்டைக் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போனேன். "ராஜராஜனுக்கு ராஜ்ஜியம் போகக்கூடாதுன்னு சதி பண்ணின பரம்பரை இதுதான்"னு வாய் கூசாமச் சொன்னேன். ஒருத்தன் கேட்டான்: "இந்தக் கல்வெட்டுல அப்படியா எழுதியிருக்கு?" பதில் இல்ல.

அப்புறம்தான் தேடிப் படிச்சேன். முதலாம் பராந்தகன் பழுவேட்டரையர் மகளை மணந்ததாகவும், அவள் மகன்தான் அரிஞ்சயன் என்றும் அன்பில் செப்பேடு சொல்கிறது. அரிஞ்சயனின் பேரன் ராஜராஜன். அதாவது பழுவூர் அவனுக்குச் சொந்தக்காரங்க ஊர். அவன் ஆட்சியிலும் பழுவேட்டரையர் இருந்திருக்கிறார்கள், கோயிலுக்குக் கொடுத்திருக்கிறார்கள். நந்தினி என்று ஒருத்தி எந்தக் கல்லிலும் இல்லை. வந்தியத்தேவனோ, தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் குந்தவையின் கணவராக ஒரு வரியில் வருகிறார். நாவல் முழுக்க நாம் பின்னாலேயே ஓடுகிற ஆளுக்கு அங்கே கிடைத்த இடம் அவ்வளவுதான்.

பெரியம்மாகிட்ட இதையெல்லாம் சொன்னேன். பொறுமையாக் கேட்டாங்க. "சரிடா, அப்ப நந்தினி இல்லவே இல்லியா?" "இல்ல பெரியம்மா." கொஞ்ச நேரம் பேசல. "இருந்தாலும் அவ பாவம்டா"ன்னாங்க.

அதுதான் கல்கியோட பலம். இல்லாத ஒருத்திக்காக எழுபது வருஷமா மனசு இளகுது. பிரச்சினை என்னன்னா, அதே வேகத்துல இருந்தவங்க மேலயும் தீர்ப்பு எழுதிடறோம். கல்கி தெரியாத இடத்தில் நிறுத்தினார் என்று கோபப்படுகிறோம். அவர் தெரிந்தே சேர்த்த இடங்களைக் கேள்வியே கேட்காமல் வரலாறு என்று சொல்லிவிடுகிறோம்.

கடம்பூரிலிருந்து குடந்தை போகும் வழியில் வந்தியத்தேவன் ஓடத்தில் கொள்ளிடத்தைக் கடப்பான். நாங்க மதனத்தூர்ப் பாலத்துல பஸ்ல கடக்கிறோம். ஒவ்வொரு தடவையும் அந்த ஓடம் ஞாபகம் வரும், அது போகவும் வேணாம். அடுத்த தடவை நண்பர்களைக் கீழையூர் கூட்டிட்டுப் போனா, இது கல்கி சொன்னது, இது கல் சொன்னதுன்னு ரெண்டையும் தனித்தனியாச் சொல்லுவேன்.