கொல்லைக்கு ஏது எண்?

"நாகப்பட்டினம் துறைமுகத்தில் ஏழாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டுள்ளது" என்று திருச்சி வானொலி சொன்னதும், பேராவூரணிப் பக்கத்தில் எங்கள் அப்பாயி அரிவாளை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போய்விடும். ஏழுக்கும் எட்டுக்கும் என்ன வித்தியாசம் என்றெல்லாம் அதற்குத் தெரியாது. முதல் வேலை முருங்கையைக் கழிப்பது. மொட்டை மரம் காற்றுக்குப் பிடி கொடுக்காது, தழைத்த மரம் முறிந்துவிடும். அப்புறம் பிஞ்சு என்றும் பார்க்காமல் புடலை, பீர்க்கு, கத்தரி எல்லாவற்றையும் பறித்து முறத்தில் கொட்டும். விறகும் வரட்டியும் உள்ளே வந்துவிடும். கடைசியாக, அடுப்புக்கு மேலே புகை படத் தொங்கும் சுரைக்குடுக்கையை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொள்ளும். அடுத்த ஆடிக்கான விதை அதில்தான் இருந்தது.

அந்தக் கூண்டு கப்பல்களுக்காக ஏற்றப்படுவது என்பது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது. புயலைப் பற்றிய நவீன அறிவே பெரும்பாலும் கடலைப் பார்த்து நின்றுதான் வளர்ந்திருக்கிறது. 'சைக்ளோன்' என்ற சொல்லை 1848-இல் கல்கத்தாவில் இருந்துகொண்டு உண்டாக்கிய ஹென்றி பிடிங்டன், கப்பல் தலைவராக இருந்தவர். அந்தச் சொல் இடம்பெற்ற புத்தகம் மாலுமிகளுக்கான கையேடு. 1864 அக்டோபரில் கல்கத்தாவையும் அடுத்த மாதமே மசூலிப்பட்டினத்தையும் புயல் சூறையாடியது. மறு ஆண்டு கல்கத்தாத் துறைமுகத்துக்குப் புயல் எச்சரிக்கை ஏற்பாடு வந்தது. 1875-இல் இந்திய வானிலைத் துறை. அதற்குப் பஞ்சங்களும் ஒரு காரணம்தான், மறுக்கவில்லை. ஆனால் பஞ்சக் கணக்கில் நெல்லும் கோதுமையும் வரும், புடலங்காய் வராது. இன்றைக்கும் கரையைக் கடந்ததும் 'புயல் வலுவிழந்தது' என்று செய்தி முடிந்துவிடுகிறது. கொல்லையில் கதை அப்போதுதான் ஆரம்பிக்கிறது.

எங்கள் பக்கத்தில் வயதானவர்கள் 'எழுவத்தேழு புயல்' என்று சொல்வது 1977 நவம்பர் 12 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்குத் தெற்கே கரையேறியது. 560 பேர் இறந்தார்கள், 10 லட்சம் பேர் வீடிழந்தார்கள், 23,000 கால்நடைகள் செத்தன என்பது பதிவேடு சொல்வது. ஒரே வாரத்தில் ஆந்திராவின் திவிசீமையைப் புயலும் கடலும் சேர்ந்து விழுங்கியதால், நம்ம புயலைப் பற்றி வெளியே பேசியவர்கள் குறைவு.

அப்பாயி சொன்ன எழுவத்தேழில் இந்த எண்கள் கிடையாது. அதில் ஒரு கூரை இருந்தது. கூரை மேல் சுரையும் பரங்கியும் படர்ந்திருந்தன. ராத்திரி முழுக்க ஏழு பேர் குதிருக்கும் சுவருக்கும் நடுவில் ஒண்டிக்கொண்டு இருந்திருக்கிறார்கள். விடிந்து பார்த்தால் கூரை குளத்தில் கிடக்கிறது, கொடியோடும் காயோடும். கூரை போனால் தோட்டமும் போச்சு என்பது அப்போதைய கணக்கு.

பிறகு என்ன சாப்பிட்டீங்க என்று கேட்டிருக்கிறேன். "வுழுந்ததத்தான் தின்னோம்" என்றது. சாய்ந்த வாழையில் தண்டு, பூ, காய். முறிந்த முருங்கையில் கீரை. அது வாடி முடித்ததும் மண்ணுக்குள் கிடந்த சேனையும் கருணையும். முறிந்த முருங்கைக் கிளைகளையே வெட்டி ஈர மண்ணில் ஊன்றிவிட்டார்கள். வாழைக் கிழங்கிலிருந்து பக்கக் கன்று வந்தது. நனைந்த நெல்லை முளைப்பதற்குள் அவித்து வறுத்துக் குத்தினார்கள். தண்ணீருக்குக் கிணறும் கயிறும் இருந்தன. கரண்ட் இல்லையே என்று ஒருத்தரும் தேடவில்லை, இருந்தால்தானே தேட.

நாற்பத்தோரு வருஷம் கழித்து கஜா. பெயர் இலங்கை கொடுத்தது, யானை என்று பொருள். 2018 நவம்பர் 16 அதிகாலை நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே ஏறி, மணிக்கு 100, 110 கிலோமீட்டர் காற்றோடு உள்ளே வந்தது. முதலில் வடக்கிலிருந்து அடித்தது. நடுவில் கொஞ்ச நேரம் ஒரு இலைகூட அசையவில்லை. 'போயிடுச்சு' என்று கதவைத் திறந்தவர்கள் உண்டு. அப்புறம் தெற்கிலிருந்து, தென்றல் வருகிற அதே திசையிலிருந்து, மறுபடி அடித்தது. முதல் காற்றில் வேர் ஆடிப்போன தென்னைகள் இரண்டாவதில் சாய்ந்தன. காவிரித் தண்ணீர் வருமா வராதா என்று அல்லாடிய கடைமடையில், நெல்லை விட்டுத் தென்னைக்கு மாறியிருந்த ஊர்கள் எங்களுடையவை.

நான் மூன்றாம் நாள் போய்ச் சேர்ந்தேன். கடைசி ஆறு கிலோமீட்டர் நடை. இப்போது வீடு காங்கிரீட், அப்படியே நின்றது. அம்மாவும் அப்பாவும் நன்றாக இருந்தார்கள். ஆனால் குடிக்கத் தண்ணீர் இல்லை. டெல்டாவில் ஒரு லட்சத்துக்கும் மேல் மின்கம்பங்கள் சாய்ந்திருந்தன. எங்கள் தெருவுக்குக் கரண்ட் வர இருபத்து மூன்று நாள் ஆனது. போர் இருந்தது, மோட்டார் இருந்தது, ஓடவில்லை. வாடகைக்கு ஜெனரேட்டரை வண்டியில் ஏற்றித் தெருத் தெருவாகக் கொண்டுவந்து தொட்டிகளை நிரப்பினார்கள். அந்தத் தண்ணீரைச் செடிக்கு ஊற்ற யாருக்கு மனசு வரும்? பழைய கிணறு இருந்த இடத்தில் சிமெண்டுப் பலகை. பேரப்பிள்ளைகள் விழுந்துவிடும் என்று மூடச் சொன்னது நான்தான்.

புயலுக்குப் பின் வந்த மழை சில நாளோடு சரி. அந்த வருஷம் வடகிழக்குப் பருவமழையே சராசரிக்குக் கீழே போய்விட்டது. தென்னை நிழல் போனதால் கொல்லையில் காலையிலிருந்தே வெயில். காற்றில் தப்பிய வெண்டையும் கத்தரியும் அந்த வெயிலில் சுருண்டன. கனமழை பெய்ய வேண்டிய கார்த்திகையில் செடி காய்ந்ததை அம்மா அதற்கு முன் பார்த்ததில்லை.

கணக்கெடுக்க வந்த பையனிடம் அம்மா பேசியதைத் திண்ணையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

"தென்னை எத்தனைம்மா?"

"பதினொண்ணு தம்பி. ஒண்ணு அவரப் பந்தல் மேலயே வுழுந்து கெடக்கு, அதையும் எழுதிக்க."

"பந்தலுக்குக் கட்டம் இல்லம்மா."

அவன் சொன்னதில் தப்பில்லை. மரத்துக்கு 600 ரூபாய், அப்புறப்படுத்த 500, ஆக 1,100 என்று அரசு அறிவித்திருந்தது. எக்டேருக்கு 175 மரம் என்று வைத்து 1,92,500. தோப்புக்கும் வயலுக்கும் புல எண் இருக்கிறது, அடங்கலில் ஏறும். வீட்டுமனைக்குப் பின்னால் நாலு பாத்தியும் ஒரு பந்தலும் எந்த அடங்கலில் ஏறும்?

ஏறாததால் போனது காய்கறி மட்டும் என்றால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். தேங்காய்ப் பணம் அப்பாவுடையது. நிவாரணமும் அப்பா பெயரில் இருந்த வங்கிக் கணக்கில்தான் விழுந்தது. கொல்லை அம்மாவுடையது. கீரைக்கட்டும் அவரையும் கடைக்குப் போய்த் திரும்பி வந்த காசுதான் அதன் சிறுவாடு. என் கல்லூரி விண்ணப்பங்களுக்கு யாரையும் கேட்காமல் பணம் வந்தது அந்தச் சிறுவாட்டிலிருந்து. ஐப்பசிக் கடைசியில் பூவெடுத்து நிற்கிற அவரை, மார்கழியிலும் தையிலும் காசாகும். அந்த வருஷம் அம்மா மளிகைக்குக்கூட அப்பாவிடம் கை நீட்டியது. அதைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அப்பாவும் சொல்லவில்லை.

விதைக் குடுக்கையும் எப்போதோ போய்விட்டது. பட்டுக்கோட்டைக் கடையில் பாக்கெட் விதை வாங்கிப் பழகியிருந்தோம். கடைக்குப் போனால் அவரை விதை தீர்ந்துபோயிருந்தது, எல்லா வீட்டிலும் அதே கதைதானே.

2019 பொங்கலுக்கு அம்மா வைத்த குழம்பில் அவரை இல்லை, மொச்சை இல்லை, பரங்கி சந்தையில் வாங்கியது. சேனை, கருணை, வள்ளிக்கிழங்கு மட்டும் நம்ம கொல்லை. முருங்கை துளிர்த்து ஒரு முழம் வந்திருந்தது. சாப்பிட்டுக் கை கழுவும்போது அம்மா சொன்னது: "அந்தக் கெணத்தத் தொறந்து வுட்டுட்டுப் போ தம்பி."

ஆள் வைத்துப் பலகையை உடைத்து, இரண்டு நாள் தூர் எடுத்தோம். தண்ணீர் இருந்தது. கயிறு உடனே கிடைத்துவிட்டது. ராட்டினம் கேட்டபோது கடைக்காரர் ஏணி போட்டுப் பரணில் ஏறித் தேடினார். துருப்பிடித்த ஒன்றைத் துடைத்துக் கொடுத்துவிட்டு, "இத வாங்க இந்த மாசம் நீங்க நாலாவது ஆளு" என்றார்.